ஆரம்பகாலப் பெரிய கேலக்ஸிகளைத் தேடப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பால்வீதியைவிட நிறை கூடிய ஒரு கேலக்ஸியைக் கண்டுபிடித்துவிட்டேன். பெருவெடிப்பு நடந்து 65 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸி. இரண்டு மாதம் அதன் பின்னாலேயே அலைந்து வரைபடங்கள் போட்டு, தலைப்புகூட யோசித்து வைத்துவிட்டேன். அப்புறம் துறை தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு ஸ்பெக்ட்ரம் இருக்கான்னு பாத்தீங்களா?" அந்த நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு, பொதுக் காப்பகத்தில் இருந்தது, ஒரு வருடத்துக்கு மேலாக. நான் நினைத்ததைவிட அந்தப் பொருள் மிக அருகில் இருந்தது. அதன் ஒளியில் பெரும்பகுதி நட்சத்திரங்களுடையதுகூட இல்லை, நடுவில் இருந்த கருந்துளையின் வேலை.

நான் எந்த ஆய்வகத்தையும் சேர்ந்தவனல்ல. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பகலில் கணினி வேலை பார்க்கிறேன். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவைத் தொட ஆசைப்படும் என்னைப் போன்றவர்கள் அந்த இரண்டு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேலக்ஸியைப் 'பிடிப்பது' அரை நாள் வேலை. பிடித்தவற்றில் பொய்யானவற்றைக் கழித்துக்கட்டுவதற்குத்தான் மாதக்கணக்கு ஆகும்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று எண்ணில் எழுதுங்கள்

'பெரிய', 'ஆரம்பகால' என்ற இரண்டு சொல்லையும் எண்ணாக்கிவிட்டுத்தான் கணினியைத் திறக்க வேண்டும். இங்கே பெரியது என்றால் அகலமல்ல, நட்சத்திரங்களின் மொத்த நிறை. செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் ஒளி நீண்டு சிவக்கும் அளவு, எண் கூடக் கூடத் தூரமும் பழமையும் கூடும். அது 7 முதல் 9 வரை (பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 77 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டு) 1,000 கோடி சூரிய நிறை இருந்தாலே அது பெரிய ஆள். 10,000 கோடி என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும், கூடவே சந்தேகமும் படும்.

கேட்டலாக்குகளில் (படத்திலுள்ள பொருள்களின் அளவீட்டு அட்டவணைகள்) நிறை மடக்கையில் இருக்கும்: 1,000 கோடிக்கு 10, 10,000 கோடிக்கு 11. 0.3 கூடினால் நிறை இரட்டிப்பு. 10.7-க்கும் 11-க்கும் இடையே 'சின்ன' வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

தரவுக்குச் செலவு இல்லை. வெப் தரவின் தாய்க் காப்பகம் மாஸ்ட். அங்கே பொதுத் தரவை எடுக்கக் கணக்குகூடத் திறக்க வேண்டாம். ஆனால் புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம் என்பேன். கோபன்ஹேகனில் உள்ள காஸ்மிக் டான் மையம் நடத்தும் டான் காப்பகத்துக்குப் போங்கள். பல ஆய்வுத் திட்டங்களின் படங்களையும் நிறமாலைகளையும் ஒரே முறையில் சுத்தம் செய்து, கேட்டலாக்கோடு இலவசமாக வைத்திருக்கிறார்கள். கச்சாத் தரவை நீங்களே சுத்தம் செய்யப் போனால் ஆறு மாதம் அதிலேயே போய்விடும்.

மென்பொருளும் இலவசம்தான். பைத்தான், அதில் ஆஸ்ட்ரோபை. அட்டவணைகளை மேய டாப்கேட். படம் பார்க்க டிஎஸ்9. செம்பெயர்ச்சி கணிக்க ஈஸி. நிறை கணிக்க பேக்பைப்ஸ் அல்லது ப்ராஸ்பெக்டர். 16 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி போதும். நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு 1 டிபி வன்தட்டு மட்டும்தான். அதுவும் அவசரப்பட்டு வாங்கியது. முழு மொசைக் படங்கள் ஃபில்டர் (குறிப்பிட்ட அலைநீளப் பட்டையை மட்டும் விடும் வடிப்பான்) ஒன்றுக்குப் பல ஜிபி வரும், அவற்றை இறக்காதீர்கள். முதலில் கேட்டலாக்கை மட்டும் எடுங்கள், பிறகு தேவையான இடத்துக்குச் சிறு துண்டுப் படங்களை வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஓர்சிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) ஒன்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. வெளியிடும் நேரத்தில் கேட்பார்கள்.

பொதுத் தரவில் இனி என்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று தோன்றலாம். புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2025-ல் அறிவித்த அலக்நந்தா என்ற சுருள் கேலக்ஸி, அபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்துப் பகுதியின் வெப் படங்களில் கிடைத்ததுதான். செம்பெயர்ச்சி ஏறத்தாழ 4. பலர் சல்லடை போட்டுச் சலித்த இடம் அது.

3. வானத்தில் எந்த இடம்?

பெரிய கேலக்ஸிகள் அபூர்வம் என்பதால் பரப்பு முக்கியம். வெப்பின் ஆய்வுத் திட்டங்களில் ஒன்றான சீர்ஸின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர ஆர்க்நிமிடம், முழுநிலவில் ஏழில் ஒரு பங்கு. காஸ்மோஸ்-வெப் 0.54 சதுர டிகிரி, கிட்டத்தட்ட மூன்று நிலவு. ஆனால் காஸ்மோஸ்-வெப்பில் அண்மை அகச்சிவப்பு ஃபில்டர் நான்கே நான்கு. சீர்ஸ், ப்ரைமர், ஜேட்ஸ் போன்றவற்றில் ஃபில்டர்கள் அதிகம், பரப்பு குறைவு. முதல் முயற்சிக்கு என் சிபாரிசு ஃபில்டர் அதிகமுள்ள இடம்தான். நான்கு புள்ளியை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டையும் வரைந்துவிடலாம், அதுதான் ஆபத்து.

அபெல் 2744 போன்ற கொத்துகளின் பின்னால் தேடினால் கொத்தின் ஈர்ப்பே வில்லை போல வேலை செய்து மங்கியதையும் பெரிதாக்கிக் காட்டும். அங்கே கிடைக்கும் நிறையை உருப்பெருக்க எண்ணால் வகுக்க மறந்தால் போச்சு.

4. கேட்டலாக்கை வடிகட்டுங்கள்

வெப் ஃபில்டரின் பெயரிலுள்ள எண்ணை 100-ஆல் வகுத்தால் அலைநீளம் மைக்ரானில் வரும். 444 என்றால் 4.44 மைக்ரான்.

என் வடிகட்டி இதுதான்: 4.44 மைக்ரானில் 27 மேக்னிட்யூடைவிடப் (வானியலின் பிரகாச அளவு, எண் குறைந்தால் பிரகாசம் கூடும்) பிரகாசமாக, இரைச்சலைப் போல 10 மடங்காவது சமிக்ஞை இருக்க வேண்டும். ஹபிளின் 0.6, 0.8 மைக்ரான் படங்களில் எதுவும் தெரியக் கூடாது. கணித்த செம்பெயர்ச்சி 7 முதல் 9 வரை, நிறையின் மடக்கை 10-க்கு மேல். ஏன் ஹபிள் படத்தில் இருட்டு? 0.1216 மைக்ரானுக்குக் கீழே உள்ள ஒளியை இடையிலிருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும். செம்பெயர்ச்சி 8-ல் அந்த வெட்டு 9 மடங்கு நீண்டு 1.09 மைக்ரானில் வந்து நிற்கும். அதைவிடக் குறுகிய அலைநீளத்தில் ஒளி தெரிந்தால் உங்கள் ஆள் அங்கே இல்லை.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. டான் காப்பகத்துப் படங்களில் ஒரு அலகு என்பது 10 நானோஜான்ஸ்கி (ஜான்ஸ்கி என்பது வந்துசேரும் ஒளியின் அலகு), அதை மேக்னிட்யூடாக மாற்றும் சுழிப்புள்ளி 28.9. பல கேட்டலாக்குகள் மைக்ரோஜான்ஸ்கியில் இருக்கும், அதற்கு 23.9. மாஸ்ட் படங்களோ ஸ்டெரேடியனுக்கு மெகாஜான்ஸ்கி. மாற்றிப் போட்டால் ஐந்து மேக்னிட்யூட், அதாவது 100 மடங்கு பிழை. சரிபார்க்க ஒரு வழி: 27 மேக்னிட்யூட் என்பது ஏறத்தாழ 58 நானோஜான்ஸ்கி. ஒரு பொருளைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, 2022 ஜூலையில் வெப் தரவு வரத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வந்த கேட்டலாக்குகளைத் தொடாதீர்கள். கேமராவின் அளவுத்திருத்தம் அதன் பிறகு கணிசமாக மாறிவிட்டது.

இந்தப் படி அரை நாளில் முடிந்துவிடும். எனக்கு முதல் பட்டியலில் 41 வேட்பாளர்கள் தேறினார்கள். சந்தோஷப்பட வேண்டாம்.

5. நிறமாலை ஏற்கெனவே இருக்கிறதா?

நான் கடைசியில் செய்ததை நீங்கள் இப்போதே செய்யுங்கள். டான் காப்பகத்தின் நிறமாலை அட்டவணையை இறக்கி, உங்கள் ஆயத்தொலைவுகளோடு 0.5 ஆர்க்விநாடிக்குள் பொருத்திப் பாருங்கள். டாப்கேட்டில் இரண்டு நிமிடம். அப்புறம் நாசாவின் ஏடிஎஸ் தேடுபொறியில் அந்தப் பகுதியின் பெயரைப் போட்டு, சமீபத்திய கட்டுரைகளின் அட்டவணைகளிலும் ஒரு முறை பாருங்கள். ஒரே பொருளுக்கு மூன்று குழு மூன்று எண் கொடுத்திருக்கும், ஆகவே பெயரால் தேடாமல் ஆயத்தொலைவால் தேடுங்கள்.

6. படத்தைக் கண்ணால் பாருங்கள்

ஒவ்வொரு வேட்பாளருக்கும் எல்லா ஃபில்டரிலும் 3 ஆர்க்விநாடித் துண்டு வெட்டி வரிசையாக அடுக்குங்கள். பிரகாசமான நட்சத்திரத்தின் ஆறுமுனைக் கீற்று மேல் உட்கார்ந்திருக்கிறதா? படத்தின் ஓரமா? பெரிய கேலக்ஸியின் விளிம்புத் துணுக்கைத் தனிப் பொருளாகப் பிரித்துவிட்டார்களா? ஒரு ஃபில்டரில் மட்டும் தெரிகிறதா? என் 41-ல் 17 இங்கேயே டெபாசிட் இழந்தன. இதற்கு நிரல் எழுதி நேரம் வீணாக்காதீர்கள், 41 படம் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

7. தூரம் நிஜம்தானா?

அதிகமாகக் கவிழ்வது இங்கேதான். ஃபில்டர் பிரகாசங்களை மட்டும் வைத்துக் கணிக்கும் செம்பெயர்ச்சி ஒரு யூகம். ஈஸி தரும் ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். நிகழ்தகவு வளைவை வரைந்து பாருங்கள். 8-ல் ஒரு சிகரமும் 5-ல் ஒரு குட்டி மேடும் இருந்தால், அந்தக் குட்டி மேடுதான் உங்கள் கேலக்ஸியின் உண்மையான வீடாக இருக்கலாம். தேடும் எல்லையை 0 முதல் 20 வரை திறந்து வையுங்கள். எல்லாப் பிரகாசங்களுக்கும் குறைந்தது 5 சதவீதப் பிழை சேருங்கள். இல்லாவிட்டால் நிரல் தன் பதிலில் அநியாயத்துக்கு உறுதியாக இருக்கும்.

ஏமாற்றுபவர்கள் இரண்டு வகை. ஒன்று தூசு. அருகிலுள்ள தூசு மண்டிய கேலக்ஸியும் தொலைவிலுள்ள கேலக்ஸியும் நிறத்தில் ஒரே மாதிரிச் சிவக்கும். இரண்டாவது உமிழ்கோடுகள், அதாவது குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் வாயு வெளிவிடும் கூரான ஒளி. சீர்ஸ்-93316 என்ற பொருளை முதலில் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று கணித்தார்கள். 2023-ல் நிறமாலை வந்தபோது அது 4.9. அந்தத் தூரத்தில் ஹைட்ரஜன்-ஆல்பா கோடு 3.9 மைக்ரான் பக்கம் விழுகிறது. அங்கே பல ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆக்சிஜன் கோடுகள் 2.9 மைக்ரான் பக்கம் இன்னொரு ஃபில்டரை உப்பவைத்தன. கோடுகள் சேர்ந்து போட்ட வேஷம் நீலமான, மிகத் தொலைவான கேலக்ஸி போலவே இருந்தது. கைதேர்ந்த குழுக்களே இதில் மாட்டியிருக்கின்றன, நாம் எம்மாத்திரம்.

உங்கள் வரம்பிலும் இதே சிக்கல் உண்டு. செம்பெயர்ச்சி 7-ல் 0.5007 மைக்ரான் ஆக்சிஜன் கோடு 4.0 மைக்ரானில் விழும், 8-ல் 4.5-ல். இரண்டும் 4.44 ஃபில்டருக்குள்தான். வயதான நட்சத்திரக் கூட்டத்தின் அடையாளமான பால்மர் முறிவும் (0.365 மைக்ரான், செம்பெயர்ச்சி 8-ல் 3.3) அந்த ஃபில்டரைத்தான் உயர்த்திக் காட்டும். எது முறிவு, எது கோடு என்று பிரிக்க 4.1 மைக்ரான் போன்ற நடுத்தர அகல ஃபில்டர் தேவை. அது இல்லாத பகுதியில் கிடைத்த வேட்பாளரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி போலச் சின்னதாக இருந்தால் நம் பால்வீதியிலேயே இருக்கும் பழுப்புக் குள்ளனாகவும் (நட்சத்திரமாகும் அளவுக்கு நிறை இல்லாத குளிர்ந்த பொருள்) இருக்கலாம். குள்ளன்களின் மாதிரி நிறமாலையையும் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

8. சின்னச் சிவப்புப் புள்ளிகளைத் தனியே வையுங்கள்

குறுகிய அலைநீளத்தில் நீலம், நீண்ட அலைநீளத்தில் சிவப்பு, வரைந்தால் 'வி' வடிவம், உருவம் கிட்டத்தட்ட ஒரு புள்ளி. இப்படி ஒன்று வந்தால் நிறையைக் கணக்கிடவே கணக்கிடாதீர்கள். இவற்றில் பலவற்றின் நிறமாலையில் அகன்ற ஹைட்ரஜன் கோடுகள் தெரிகின்றன, அதாவது நடுவில் இரை விழுங்கும் கருந்துளை. அந்த ஒளியை நட்சத்திர ஒளி என்று நம்பினால் நிறை எங்கேயோ போய்விடும். 2023 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்த பிரபலமான ஆறு பெரிய கேலக்ஸி வேட்பாளர்களில் ஒன்றுக்கே இப்படி ஆனது: நிறமாலையில் செம்பெயர்ச்சி 5.6, அகன்ற கோடு. என் அருமைக் கேலக்ஸியும் இந்த ஜாதிதான்.

அதற்காக எல்லாமே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பின் ஃப்ரெஸ்கோ திட்டத்தின் நிறமாலைகளில் செம்பெயர்ச்சி 5, 6 பக்கம் 10,000 கோடி சூரிய நிறையைத் தாண்டிய மூன்று தூசு மண்டிய கேலக்ஸிகள் 2024-ல் வெளிவந்தன. செம்பெயர்ச்சி 7.29-ல் நட்சத்திர உற்பத்தியையே நிறுத்திவிட்ட ஒரு பெரிய கேலக்ஸியும் நிறமாலையோடு உறுதியாகியிருக்கிறது. அவை கிடைத்தது நிறமாலையின் தயவால்.

9. நிறையைக் கணக்கிடுதல்

இவ்வளவுக்கும் தப்பியவற்றை மட்டும் பேக்பைப்ஸில் போடுங்கள். என்னிடம் மிஞ்சியது 5. ஒன்றுக்குச் சில நிமிடம் ஆகும். ஈஸியும் ஒரு நிறை கொடுக்கும், அதை வடிகட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரப் பிறப்பு வரலாற்றுக்கு ஒரே வடிவத்தை நம்பாமல் குறைந்தது இரண்டு வடிவத்தில் ஓட்டுங்கள். விடைகள் 0.3 விலகினால் அந்த 0.3-தான் உங்கள் நிஜமான பிழை, நிரல் அச்சிடும் 0.05 அல்ல.

பிறரோடு ஒப்பிடும்போது சால்பீட்டர், சாப்ரியர் என்ற இரண்டு நிறைப் பங்கீட்டில் (பிறக்கும் நட்சத்திரங்களில் எந்த நிறையில் எத்தனை என்ற கணக்கு) எதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சால்பீட்டர் எடுத்தால் நிறை ஏறத்தாழ 1.7 மடங்கு கூடும், கேலக்ஸி அதே கேலக்ஸிதான்.

வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியான மிரியின் 5.6, 7.7 மைக்ரான் படங்கள் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டாயம் சேருங்கள். சீர்ஸ் பகுதியில் 2023-ல் இதைச் செய்து பார்த்தபோது, செம்பெயர்ச்சி 6 முதல் 9 வரையிலான கேலக்ஸிகளின் நிறை சராசரியாக 2.3 மடங்கு குறைந்துவிட்டது.

கடைசியாக ஒரு அறிவுச் சோதனை. பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் சாதாரணப் பொருள் ஏறத்தாழ 16 சதவீதம். அது முழுவதும் நட்சத்திரமாக மாறினாலும் 10,000 கோடி சூரிய நிறைக்கு 62,500 கோடி நிறை கொண்ட இருண்ட பொருள் கூடு (கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும் இருண்ட பொருள் திரள்) வேண்டும். நடைமுறையில் அருகிலுள்ள கேலக்ஸிகளில் மிகத் திறமையானவைகூட அந்தச் சாதாரணப் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நட்சத்திரமாக்கியிருக்கின்றன. நீங்கள் தேடிய கன அளவில் அத்தனை பெரிய கூடு எத்தனை இருக்க முடியும் என்பதை கொலோசஸ் என்ற பைத்தான் தொகுப்பில் கணக்கிடலாம். விடை 0.001 என்று வந்தால், பிரபஞ்சவியல் தவறு என்று எழுதுவதற்கு முன் 7-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

10. நிறமாலை இல்லையென்றால்

வெப்பில் நேரம் கேட்டு யாரும் விண்ணப்பிக்கலாம். நாடு தடையில்லை, கட்டணமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அண்மைச் சுற்றுகளில் அக்டோபர் நடுவில் கடைசித் தேதி, முடிவு மார்ச்சில், அவதானிப்பு ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் வரை. ஆக, இன்று யோசித்தால் கையில் தரவு வர ஒன்றரை, இரண்டு வருடம். போட்டியோ பயங்கரம்: 2024 அக்டோபரில் முடிந்த நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள், கேட்ட நேரம் 78,000 மணி அளவில், இருந்ததைப் போல ஏறத்தாழ 9 மடங்கு.

ஏபிடி என்ற இலவச மென்பொருளில்தான் விண்ணப்பம் தயாரிக்க வேண்டும். அதைப் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அறிவியல் பகுதியில் உங்கள் பெயரோ நிறுவனமோ தெரியக் கூடாது. "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று ஒரு வரி எழுதினால்கூடச் சிக்கல்.

தனி ஆளாக ஒரே கேலக்ஸிக்குக் கேட்பதில் பலன் குறைவு என்பது என் கருத்து. இதைவிட நல்ல வழி: ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டங்களின் ஏபிடி கோப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் பகுதியில் யாராவது வெப்பின் நிறமாலைக் கருவியான நிர்ஸ்பெக்கைத் திருப்பப் போகிறார்களா என்று பாருங்கள். அந்தக் கருவி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களின் நிறமாலையை எடுக்கும், ஒளியை உள்ளே விடும் அதன் சிறு கதவுகளில் (ஷட்டர்கள்) சில காலியாக இருப்பதும் உண்டு. திட்டத் தலைவருக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: ஆயத்தொலைவு, பிரகாசம், நிகழ்தகவு வளைவு, துண்டுப் படங்கள், எல்லாம் ஒரே பக்கத்தில். நான் இரண்டு பேருக்கு எழுதினேன், ஒருவர் பதில் போட்டார்.

11. எழுதி வெளியிடுதல்

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இணையக் களஞ்சியமான ஆர்கைவில் போடக் கட்டணம் இல்லை. ஆனால் முதல்முறை அனுப்புகிறவருக்கு, அங்கே ஏற்கெனவே எழுதியுள்ள ஒருவரின் பரிந்துரை வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் போதும் என்று நம்பிக் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். எனக்கு இதற்கே ஒரு மாதம் போனது. முன்பின் தெரியாதவரிடம் நேராகப் பரிந்துரை கேட்காதீர்கள், கட்டுரையைப் படித்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். படித்தவர் பெரும்பாலும் பரிந்துரைப்பார்.

பெரிய இதழ்கள் சிலவற்றில் ஆசிரியர் கட்டணம் உண்டு, அது கையைக் கடிக்கும். அனுப்பும் முன் இதழின் பக்கத்தில் தொகையையும் விலக்கு விதியையும் பார்த்துவிடுங்கள். ஓப்பன் ஜர்னல் ஆஃப் ஆஸ்ட்ரோஃபிசிக்ஸ் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்குவதில்லை.

நிறமாலை இல்லாத பொருளைத் தலைப்பில் 'கேலக்ஸி' என்று எழுதாதீர்கள், 'வேட்பாளர்' என்றே எழுதுங்கள். ஆர்கைவ் அன்றைய பட்டியலை மூடுவது அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணிக்கு. நமக்கு அது கோடையில் இரவு 11:30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12:30. வெள்ளி இரவு அதைத் தவறவிட்டால் கட்டுரை செவ்வாய்க்கிழமை காலைதான் வெளியே வரும்.